அலுவலகத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கிளை அலுவலகங்களில் கணக்கு எழுதுபவர்கள், பில் போடுபவர்கள், கிடங்கில் இருப்பு பார்ப்பவர்கள் என்று பலரும் நாள்தோறும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவை: திரையில் தெரிவதை எப்படிப் படமாக எடுப்பது, அதை எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி எப்படி அனுப்புவது.

போனில் சொன்னால் போதாதா? எதற்கு ஸ்கிரீன்ஷாட்?

ஒரு திங்கட்கிழமை காலை நடந்ததைச் சொல்கிறேன். ஈரோடு கிளையில் கணக்கு எழுதும் பெண் போன் செய்தார். "அண்ணா, வங்கியின் தளம் திறக்கமாட்டேன் என்கிறது. ஏதோ பாதுகாப்பு இல்லை என்று சிவப்பாக வருகிறது." நெட் இணைப்பைப் பார்க்கச் சொன்னேன். பிரவுசரை மூடித் திறக்கச் சொன்னேன். கணினியை அணைத்துப் போடச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. அவருக்கும் பொறுமை போயிற்று, எனக்கும் போயிற்று. கடைசியில், "பிரிண்ட் ஸ்கிரீன் விசையை ஒரு முறை அழுத்துங்கள், பிறகு எனக்கு ஒரு மெயில் திறந்து அதில் கண்ட்ரோல், வி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், அவ்வளவுதான்" என்றேன்.

படம் வந்தது. நடுவில் இருந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு வலது கீழ் மூலையைப் பார்த்தேன். கடிகாரம் இருக்கும் இடத்தில் ஜனவரி 1 என்று தேதி. ஆண்டு, பத்து வருடத்துக்கு முந்தையது. மதர்போர்டில் காசு போல உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி பழைய நாளுக்குத் தாவியிருக்கிறது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு உண்டு. கணினியின் தேதி அந்தத் தொடக்க நாளுக்கு முன்னால் இருந்தால் பிரவுசர் சான்றிதழை ஏற்காது. தேதியைச் சரிசெய்ததும் தளம் திறந்தது. மறுநாள் சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றினோம்.

அவர் தேதியைச் சொல்லாமல் விட்டது அவர் தவறல்ல. பிரச்சினைக்கும் தேதிக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? போனில் பேசும்போது, தனக்கு முக்கியம் என்று தோன்றுவதைத்தான் யாரும் சொல்வார்கள். படத்தில் அவருக்கு முக்கியமாகப் படாததும் சேர்ந்து வந்துவிடுகிறது. அதற்காகத்தான் ஸ்கிரீன்ஷாட் கேட்கிறேன்.

கைபேசியால் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். அது ஆகாதா?

ஒரே ஒரு நிலையில் ஆகும். கணினி உறைந்து நின்று எந்த விசைக்கும் அசையவில்லை, நீலத்திரை வந்துவிட்டது, அல்லது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே நின்றுவிட்டது என்றால் கைபேசி கேமராதான் வழி. அப்போது தயங்காமல் எடுங்கள்.

மற்ற நேரங்களில் வேண்டாம் என்பேன். ட்யூப்லைட் வெளிச்சம் திரையில் விழும், படம் சாய்ந்திருக்கும், கேமராவின் புள்ளிகளும் திரையின் புள்ளிகளும் மோதி நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். பில் எண்ணில் இருப்பது 3 தானா 8 தானா என்று மறுபடி போன் செய்து கேட்க வேண்டியிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. கணினித் திரையைச் சுற்றி உங்கள் மேசையும் படத்தில் விழுகிறது. மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டோடு எனக்குப் படங்கள் வந்திருக்கின்றன.

விண்டோஸ் கணினியில் எந்த விசைகளை அழுத்த வேண்டும்?

ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்: விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேலை செய்யும்.

இடது கையின் சுண்டு விரல் ஷிஃப்டில், மோதிர விரலோ கட்டைவிரலோ விண்டோஸ் விசையில், நடுவிரல் எஸ்ஸில் என்று வைத்துக்கொண்டால் ஒரு கையால் அழுத்திவிடலாம். வலது கை மவுஸிலேயே இருக்கட்டும். அழுத்தியதும் திரை சற்று மங்கும், மேலே சிறிய பட்டை ஒன்று தோன்றும், மவுஸின் அம்பு கூட்டல் குறியாக மாறும். வேண்டிய இடத்தின் ஒரு மூலையில் அழுத்தி, எதிர் மூலைவரை இழுத்து விடுங்கள். படம் எடுத்தாயிற்று. அது கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்ததைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. மெயிலிலோ வாட்ஸ்அப் வெப்பிலோ வேர்டிலோ போய் கண்ட்ரோல் + வி அழுத்தினால் அங்கே ஒட்டிக்கொள்ளும். தவறாகத் தொடங்கிவிட்டால் எஸ்கேப் விசையை அழுத்தி விலகலாம்.

பழைய பிரிண்ட் ஸ்கிரீன் விசையும் பயனுள்ளதுதான். தனியாக அழுத்தினால் முழுத் திரையும் கிளிப்போர்டுக்குப் போகும். இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தினால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் சாளரம் மட்டும் வரும். ஒரு மென்பொருளில் வந்த பிழைச் செய்தியை அனுப்ப ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீனை மிஞ்சிய வழி இல்லை. இழுத்துத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. விண்டோஸ் + பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கி, முழுத் திரையும் கோப்பாகவே சேமிக்கப்படும். பிக்சர்ஸ் கோப்புறைக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உள்கோப்புறையில் தேடுங்கள்.

பெயரைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு: "பிரிண்ட் என்று இருக்கிறதே, பிரிண்டருக்குப் போய்விடாதா?" ஒரு காலத்தில் போயிற்று. 1981இல் வந்த ஐபிஎம் கணினியில் ஷிஃப்டோடு அந்த விசையை அழுத்தினால் திரையில் இருந்த எழுத்துகள் அப்படியே பிரிண்டரில் அச்சாகி வந்தன. வேலை மாறிவிட்டது, விசையின் மேல் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினேன். ஒன்றுமே நடக்கவில்லையே?

பெரும்பாலும் நடந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. படம் கிளிப்போர்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு மெயில் திறந்து ஒட்டிப் பாருங்கள்.

ஒட்டியும் வரவில்லை என்றால், மடிக்கணினியாக இருந்தால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சில விசைப்பலகைகளில் ஒரே விசைக்கு இரண்டு வேலை கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் 11இல் 2023க்குப் பிறகு வந்த பதிப்புகளில் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினாலே, விண்டோஸோடு வரும் படம் எடுக்கும் மென்பொருளான ஸ்னிப்பிங் டூல் திறந்து, எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும். பழைய பழக்கம்தான் வசதி என்பவர்கள் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அதை நிறுத்திவைக்கலாம்.

மெனுவைத் திறந்து வைத்துப் படம் எடுக்கப் போனால் மெனு மூடிக்கொள்கிறது.

ஸ்னிப்பிங் டூலைத் திறந்து தாமதத்தை 3, 5 அல்லது 10 வினாடி என்று வையுங்கள். தொடங்கிவிட்டு, அந்த இடைவெளியில் மெனுவைத் திறந்து அசையாமல் இருங்கள்.

ஐந்தாறு திரைகளை வரிசையாக அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டி, மறுபடி எடுத்து ஒட்டி, சலித்துப் போகிறது.

விண்டோஸ் + வி. முதல் முறை அழுத்தும்போது கிளிப்போர்டு வரலாற்றை இயக்கவா என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் எடுக்கும் படங்களும் நகலெடுக்கும் எழுத்துகளும் 25 வரை அங்கே அடுக்கப்படும். முதலில் எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டு, மெயிலுக்குப் போய் விண்டோஸ் + வி அழுத்தி, வேண்டியதை வேண்டிய வரிசையில் சொடுக்கி ஒட்டலாம். கணினியை மறுபடி தொடங்கினால், பின் குத்தி வைத்தவை தவிர மற்றவை அழிந்துவிடும்.

ஒரு கவனம் தேவை. நீங்கள் நகலெடுத்த பாஸ்வேர்டும் அந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கலாம். பலர் மாறி மாறி உட்காரும் பில்லிங் கணினியில் இதை இயக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு?

கமாண்ட் + ஷிஃப்ட் + 3 முழுத் திரை. கமாண்ட் + ஷிஃப்ட் + 4 பகுதி. இந்த 4ஐ அழுத்திய பின் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் கூட்டல் குறி ஒரு சிறு கேமராவாக மாறும். எந்தச் சாளரத்தின் மேல் வைத்துச் சொடுக்குகிறீர்களோ அது மட்டும் ஒழுங்காக வெட்டி வரும். படங்கள் டெஸ்க்டாப்பில் கோப்பாகச் சேரும். கூடவே கண்ட்ரோல் விசையையும் பிடித்துக்கொண்டால் கோப்பாகச் சேராமல் கிளிப்போர்டுக்குப் போகும். இது தெரியாததால்தான் பல மேக்காரர்களின் டெஸ்க்டாப் ஸ்கிரீன்ஷாட்டுகளால் நிரம்பி வழிகிறது. 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து கமாண்ட் + ஷிஃப்ட் + 5 அழுத்தினால் எல்லா வசதிகளும் ஒரே பட்டையில் கிடைக்கும், வீடியோ பதிவு உட்பட.

உபுண்டு?

22.04 பதிப்பு முதல் பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் பகுதி, சாளரம், முழுத் திரை என்று கேட்கும். ஆல்ட்டோடு அழுத்தினால் நேராகச் சாளரம், ஷிஃப்டோடு அழுத்தினால் நேராக முழுத் திரை.

இணையப் பக்கம் நீளமாக இருக்கிறது. கீழே வரை ஒரே படமாக வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்துங்கள். முழுப் பக்கத்தையும் எடுக்கும் வசதி வரும். ஆனால் ஒரு முழம் நீளப் படத்தை அனுப்பிவிட்டு, "அதில் நடுவில் பாருங்கள்" என்று எழுதாதீர்கள். பக்கத்தின் முகவரியையும், பார்க்க வேண்டிய பகுதியின் படத்தையும் அனுப்பினால் போதும்.

முழுத் திரையை அனுப்புவதா, பகுதியை மட்டுமா?

யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. என்னைப் போன்ற உதவிப் பிரிவுக்காரருக்கு என்றால் முழுத் திரை, அல்லது குறைந்தபட்சம் முழுச் சாளரம். முகவரிப் பட்டை, சாளரத்தின் தலைப்பு, கீழே இருக்கும் கடிகாரம், பின்னால் திறந்திருக்கும் மற்ற மென்பொருள்கள், எல்லாமே துப்பு. ஈரோட்டுப் பெண் எச்சரிக்கையை மட்டும் அழகாக வெட்டி அனுப்பியிருந்தால் அந்தத் தேதியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

வாடிக்கையாளருக்கோ வேறு நிறுவனத்துக்கோ என்றால் பகுதி மட்டும். திரையில் உங்களைச் சுற்றி எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். திறந்திருக்கும் இன்னொரு டேபின் தலைப்பில் "சம்பளப் பட்டியல்" என்று இருக்கும். மூலையில் அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து வந்த செய்தி எட்டிப் பார்க்கும். பக்கத்துப் பத்தியில் வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்த விலை இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தால் ஒரு விற்பனைப் பிரிவு நண்பர் பட்ட பாடு எனக்குத் தெரியும். "அவருக்கு மட்டும் ஏன் இந்த விலை?" என்று மறுநாளே போன் வந்துவிட்டது.

படத்தில் வட்டம், அம்பு எல்லாம் போட்டு அனுப்பலாமா?

போடுங்கள், ஆனால் ஒரு படத்துக்கு ஒரு குறி. ஐந்து வட்டமும் நான்கு அம்பும் இருந்தால் கண் எங்கே போவது? செய்ய வேண்டியது ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். படிப்பவர் அந்த வரிசையிலேயே செய்வார். ஸ்னிப்பிங் டூலில் பேனா இருக்கிறது. மவுஸால் எழுத்து எழுத முயலாமல், குறியை மட்டும் போட்டு விளக்கத்தை மெயிலில் தட்டச்சு செய்யுங்கள்.

படத்தைவிட அதோடு வரும் இரண்டு வரிதான் பல நேரம் வேலையை முடிக்கிறது. வெறும் படத்தை அனுப்பி "இது வருகிறது" என்று எழுதினால் நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். போன மாதம் சேலம் கிளையிலிருந்து வந்த ஒரு மெயிலை அப்படியே தருகிறேன். பில் எண்ணை மட்டும் எடுத்துவிட்டேன்.

"சார், இன்று காலை 10.40க்கு ரிட்டர்ன் பில் போட்டு சேமிக்கும்போது படத்தில் உள்ள செய்தி வந்தது. நேற்று இதே முறையில் இரண்டு பில் போட்டேன், சரியாகச் சேமிக்க முடிந்தது. பக்கத்துக் கணினியிலும் முயன்றேன், அங்கேயும் இதே செய்தி. வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை, மாலைக்குள் சரியானால் போதும்."

என்ன செய்தபோது வந்தது, முன்பு சரியாக இருந்ததா, இந்த ஒரு கணினியில் மட்டுமா, எவ்வளவு அவசரம் என்று நான்கையும் சொல்லிவிட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராக சர்வரைப் பார்த்தேன்.

பிழைச் செய்திதான் படத்தில் இருக்கிறதே, அதை எழுத்தாகவும் அனுப்ப வேண்டுமா?

ஆமாம். எழுத்தாக இருந்தால் அதை அப்படியே நகலெடுத்துத் தேடலாம். ஆறு மாதம் கழித்து அதே பிழை வரும்போது மெயிலில் தேடினால் பழைய விடை கிடைக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை மெயில் தேடல் கண்டுபிடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

தட்டச்சு செய்யத் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. விண்டோஸில் ஓகே, கேன்சல் பொத்தான்களோடு வரும் வழக்கமான செய்திப் பெட்டி திறந்திருக்கும்போது கண்ட்ரோல் + சி அழுத்துங்கள். எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெட்டியின் தலைப்பு, செய்தி, பொத்தான்களின் பெயர் உட்பட எல்லாம் எழுத்தாக நகலாகிவிடும். இருபது வருடம் கணினியில் வேலை செய்தவர்கள்கூட இதைச் செய்து காட்டும்போது வியப்பார்கள். விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதியும் இருக்கிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று. பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் கொண்டு கணினியில் வேலை செய்கிறார்கள். அது மெயிலில் இருக்கும் எழுத்தை வாசித்துச் சொல்லும். ஸ்கிரீன்ஷாட் வந்தால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், நீங்கள் படத்தோடு இரண்டு வரி எழுதாத ஒவ்வொரு முறையும் அவரை அந்தப் பேச்சிலிருந்து வெளியே நிறுத்துகிறீர்கள். அவர் தனியாக வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

எக்ஸெல் கணக்கை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பலாமா?

பார்த்துவிட்டு விடுவதற்கு என்றால் அனுப்பலாம். எதிரில் இருப்பவர் அந்த எண்களை வைத்து எதையாவது செய்யப் போகிறார் என்றால் அனுப்பவே கூடாது. நாற்பது வரி எண்களைப் படத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்ய வைப்பது அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்வது. அதில் ஒரு இலக்கம் பிசகினால் அந்தப் பழியும் அவர் தலையில் விழும். கோப்பை அனுப்புங்கள், அல்லது கட்டங்களை நகலெடுத்து மெயிலில் ஒட்டுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்தது எதிரில் இருப்பவருக்குச் சிதைந்து தெரிகிறது. எப்படிப் புரியவைப்பது?

படம் இல்லாமல் முடியவே முடியாத இடம் இதுதான்.

தமிழ் எழுத்து சிதைவதில் குறைந்தது இரண்டு வகை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு முதல் வகை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். இரண்டாவது வகை யூனிகோடு எழுத்தை, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டில் அமைந்த எழுத்தை, தமிழ் அறியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது வருவது. "கொ" என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். அது பின்னால் போய் நிற்கும், அல்லது அந்தரத்தில் தொங்கும் புள்ளிவட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அடோபியின் மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பியை (பாராகிராஃப் கம்போசர்) தேர்ந்தெடுக்காதபோது இதைப் பார்க்கலாம்.

இப்படிச் சிதைந்த எழுத்தை நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் என்ன ஆகும்? இரண்டாவது வகையில், உங்கள் மெயில் அதைச் சரியாகவே காட்டும். "சரியாகத்தானே இருக்கிறது?" என்று அச்சகக்காரர் பதில் போடுவார். பிழை எழுத்தில் இல்லை, அது காட்டப்படும் விதத்தில் இருக்கிறது. அதனால் காட்டப்பட்டதைத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் நிறுவனத்தின் நாட்காட்டி அச்சுக்குப் போன ஒரு முறை "பொங்கல்" என்ற சொல்லின் கொம்பு இடம் மாறியிருந்தது. போனில் இரண்டு முறை சொல்லியும் அச்சகத்தில் இருந்தவருக்கு விளங்கவில்லை. விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தி அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டி, கீழே "கொம்பு பகரத்துக்கு முன் வர வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திருத்திய பக்கம் வந்தது.

தமிழ் மெய்ப்புத் திருத்தம் எதுவானாலும் இரண்டையும் அனுப்புங்கள்: சிதைந்து தெரிவதன் படம், சரியான சொல் யூனிகோடு எழுத்தில். முதலாவது எது தவறு என்று காட்டும், இரண்டாவதை அவர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்வார்.

ஆதார் எண், கணக்கு எண் இருக்கும் திரையை அனுப்ப வேண்டியிருக்கிறது. எப்படி மறைப்பது?

முதல் கேள்வி, அந்தப் பகுதி படத்தில் இருக்கத்தான் வேண்டுமா? வெட்டி எறிய முடிந்தால் வெட்டுங்கள். ஆதாரையே அனுப்ப வேண்டியிருந்தால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் வழங்கும் அமைப்பான யுஐடிஏஐயின் தளத்திலேயே தரவிறக்கலாம், அதைக் கேளுங்கள்.

மறைக்க வேண்டுமென்றால் முழுக் கறுப்புக் கட்டம் போட்டு மறையுங்கள். மங்கலாக்குவதும் சதுரம் சதுரமாகச் சிதைப்பதும் பாதுகாப்பானவை அல்ல. மங்கிய சதுரங்களுக்கு அடியில் இருக்கும் எண்ணைக் கணக்கிட்டு மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எண்ணுக்குப் பத்தே வடிவங்கள்தான் என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கித் தேய்ப்பதும் உதவாது. அது ஒளி ஊடுருவும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து மேலே வந்துவிடும்.

வெட்டினால் போய்விட்டது என்றும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2023 மார்ச்சில் வெளிவந்த ஒரு குறை பலரையும் திடுக்கிட வைத்தது. கூகுளின் பிக்சல் கைபேசிகளில் இருந்த படத்திருத்தியும், விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலும், வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே சேமிக்கும்போது, பழைய படத்தின் மீதியைக் கோப்பின் வாலில் அப்படியே விட்டுவைத்தன. பார்ப்பவருக்கு வெட்டிய படம் மட்டும் தெரியும். தெரிந்தவர் கோப்பைப் பிரித்தால் வெட்டியெறிந்த பகுதியில் பெரும்பாலானதை மீட்டுவிடலாம். இரண்டு நிறுவனங்களும் அந்த மாதமே திருத்தம் வெளியிட்டன. ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பப்பட்ட படங்கள் பலரின் மெயில்களில் இன்னும் கிடக்கின்றன. வேர்டிலும் இப்படி ஒன்று உண்டு. படத்தை வேர்டில் ஒட்டி, அங்கேயே வெட்டினால், வெட்டிய பகுதி மறைந்திருக்குமே தவிர அழிந்திருக்காது. கோப்பைப் பெறுபவர் வெட்டும் கருவியை மறுபடி எடுத்து ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வந்து நிற்கும்.

என் பழக்கம் எளிமையானது. பெரிய படத்தை எடுத்து வெட்டுவதில்லை. தொடக்கத்திலேயே விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தித் தேவையான பகுதியை மட்டும் எடுக்கிறேன். கறுப்புக் கட்டம் போட்ட படம் என்றால், திரையில் தெரியும் அந்தப் படத்தையே மறுபடி ஒரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புகிறேன். எடுக்காத பகுதி எந்தக் கோப்பிலும் ஒளிந்திருக்க முடியாது.

பணம் அனுப்பிவிட்டதாக வாடிக்கையாளர் யுபிஐ ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். அதை வைத்து சரக்கை விடலாமா?

கூடாது. ஸ்கிரீன்ஷாட் ஒரு படம். படத்தில் இருக்கும் பெயரையும் தொகையையும் மாற்றுவது கடினமான வேலை இல்லை. நல்ல வாடிக்கையாளர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் ஒரே முறையைக் கடைப்பிடித்தால் யாருக்கும் மனவருத்தம் வராது. படத்தில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள், நம் வங்கிக் கணக்கில் அந்த எண்ணில் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு சரக்கை விடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து மங்கிவிடுகிறது.

வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்ற பொத்தானை அழுத்தி அனுப்புங்கள், அல்லது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து இணையுங்கள். சேமிக்கும்போது ஜேபிஜி வேண்டாம், பிஎன்ஜியாகவே இருக்கட்டும். ஜேபிஜி புகைப்படங்களுக்கு ஏற்றது. எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல ஆக்கிவிடும்.

ஒரு படத்தில் சொல்ல முடியாதது என்றால்?

ஒரு பொத்தானை அழுத்தியதும் பெட்டி தோன்றி உடனே மறைகிறது போன்றவற்றுக்கு வீடியோதான். விண்டோஸ் 11இல் விண்டோஸ் + ஷிஃப்ட் + ஆர். பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்குங்கள். முப்பது வினாடிக்குள் முடியுங்கள். எந்த வினாடியில் பார்க்க வேண்டும் என்று மெயிலில் எழுதிவிடுங்கள்.

சக ஊழியரின் சாட் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலாளருக்கு அனுப்பலாமா?

அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். வேலை விவரம் மட்டும்தான் வேண்டும் என்றால் அதை உங்கள் சொற்களில் எழுதினால் போதும். தனிப் பேச்சில் நம்பிச் சொன்னது படமாக மேலே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால், அதன் பிறகு அவர் உங்களிடம் எதையும் எழுத்தில் சொல்லமாட்டார். மிரட்டல், தொல்லை போன்ற புகார்கள் வேறு. அங்கே படம் சான்று. தேதியும் நேரமும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி முழுச் சாளரமாக எடுத்து, வெட்டாமல் திருத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த படங்கள் எல்லாம் எங்கே போகின்றன? அழிக்க வேண்டுமா?

விண்டோஸ் 11இல் ஸ்னிப்பிங் டூலால் எடுக்கும் ஒவ்வொரு படமும் கிளிப்போர்டுக்குப் போவதோடு, பிக்சர்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்ஸ் கோப்புறையிலும் தானாகவே சேமிக்கப்படுகிறது. இது பலருக்குத் தெரியாது. எங்கள் கிளை ஒன்றில் கணினி மாற்றியபோது அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். இரண்டு வருடத்துப் படங்கள். வாடிக்கையாளர்களின் பான் அட்டை, வங்கி இருப்பு, ஒருவரின் மருத்துவச் செலவுச் சீட்டு. எடுத்தவர் யாரும் சேமிக்க நினைத்ததில்லை. ஒட்டி அனுப்பிவிட்டு மறந்துபோனவை.

மாதத்தின் முதல் நாள் அந்தக் கோப்புறையைத் திறவுங்கள். பின்னால் தேவைப்படும் படங்களைத் தேதியும் விஷயமும் சேர்த்துப் பெயரிட்டு உரிய வேலைக் கோப்புறைக்கு மாற்றுங்கள். மற்றவற்றை ஷிஃப்ட் + டெலீட் அழுத்தி அழியுங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். தானாகச் சேமிப்பதே வேண்டாம் என்றால் ஸ்னிப்பிங் டூலின் செட்டிங்ஸில் அதை நிறுத்திவிடலாம். பொதுவாகப் பலர் பயன்படுத்தும் கணினிகளில் நான் அதை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.